வீட்டில் பைப் புகையிலை கலக்கிறவர்களுக்கு: நம்ம கடலோரக் காற்றில் ஈரம், விகிதம், பாட்டில்

#1 ஏர்வாடி_அலை

வணக்கம். கையில் இருக்கும் புகையிலை வகைகள்: சிவப்பு வர்ஜீனியா ரிப்பன் (நாடா போல நறுக்கியது), புகை போட்ட லடாக்கியா, பர்லி, கொஞ்சம் புளிக்க வைத்த பெரிக். வர்ஜீனியா 40, லடாக்கியா 35, பர்லி 20, பெரிக் 5 என்று கலந்து ஊறுகாய் பாட்டிலில் மூடி வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் வாசனை அருமை. பைப்பில் போட்டால் பாதி பவுல் (பைப்பின் கிண்ணம்) வரை வெறும் ஆவி. நாக்கு எரிகிறது, அடிக்கடி அணைகிறது. மூன்றாவது வாரத்தில் பாட்டில் அடியோரம் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. விகிதத்தை எப்படி மாற்றலாம்? லடாக்கியாவைக் குறைக்கணுமா, பெரிக்கை எடுத்துவிடணுமா?

#2 கீழக்கரை_மாலுமி

விகிதத்தில் இப்போது கை வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் (ஆவி, நாக்கு எரிவது, வெள்ளை) ஒரே இடத்திலிருந்து வருகின்றன: இலையில் ஈரம் கூடுதல்.

முதலில் அந்த வெள்ளை. பஞ்சு மாதிரி இழை இழையாக நின்று, மண்வாசனையோ ஈரச்சுவர் வாசனையோ அடித்தால் அது பூஞ்சை. மொத்தப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள். பூத்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்து மிச்சத்தைப் பிடிப்பது கூடாது, இழை உள்ளே ஓடியிருக்கும். பழைய வர்ஜீனியாவில் வரும் சர்க்கரைப் படிகம் வேறு. அது வெளிச்சத்தில் மினுங்கும், பஞ்சாக நிற்காது, வாசனையும் கெடாது. மூன்று வாரத்தில் அது வராது.

இனி ஈரம். பைப்பில் பிடிக்கத் தோதான பதம், இலை எடையில் 12 முதல் 14% வரை தண்ணீர் இருப்பது. டின்னில் வருவது பெரும்பாலும் 16 முதல் 20க்கும் மேலே இருக்கும். வர்ஜீனியா பிசுபிசுப்பாகவும் லடாக்கியா சொரசொரவென்றும் வந்தால் இரண்டும் வேறு வேறு ஈரத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். அப்படியே தராசில் போட்டு 40, 35 என்று நிறுத்தால் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறீர்கள்.

ஈரத்தைக் கண்டுபிடிக்க: 10 கிராம் எடுத்து, ஓவனில் 100 முதல் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை காய விடுங்கள். 10 கிராம் 8.2 ஆனால் ஈரம் 18%. ஆவியாகும் வாசனைப் பொருளும் கொஞ்சம் போகும் என்பதால் இது துல்லியமான எண் இல்லை, கலக்கும் வேலைக்குப் போதும். காய்ந்த அந்தப் 10 கிராமைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.

பிறகு கணக்கு. 100 கிராம் இலை 20% ஈரத்தில் இருக்கிறது, 13க்கு இறக்க வேண்டும். காய்ந்த பொருள் 80 கிராம். 80 வகுத்தல் 0.87, அதாவது 92. தட்டோடு தராசில் வைத்து 92 வரும் வரை உலர்த்தினால் பதம் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்துச் சொல்லும் கைப்பக்குவம் நல்லதுதான், ஆனால் நம்ம ஊரில் விரலே வியர்வை ஈரத்தோடு இருக்கும். தராசை நம்புங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டுவது வேண்டும். ஒரு கிராம் படியில் காட்டும் சமையல் தராசில் பெரிக் நிறுக்கவே முடியாது.

#3 மண்டபம்_கச்சான்

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னதுக்கு மேல உலர்த்துற விஷயம் மட்டும் சொல்றேன். இங்கதான் நம்ம கரைக்காரங்க நெறைய பேருக்கு வழுக்குது.

ராத்திரி தட்டுல பரப்பி வச்சுட்டுப் படுக்காதீங்க. மற்ற ஊருக்காரங்க எழுதுறதப் படிச்சுட்டு அப்படிச் செய்றாங்க. பாம்பன், மண்டபம் பக்கம் ராத்திரிக் காத்துல ஈரப்பதம் 80ஐத் தாண்டும். இலை காயாது, குடிக்கும். காத்து ஈரப்பதம் 60ல இருந்தா இலை 12, 13ல நிக்கும். 75, 80ன்னு போனா இலை 20ஐத் தாண்டிப் போயிரும். காலையில எழுந்து பார்த்தா வச்சதைவிட எடை கூடியிருக்கும்.

பகல் 11லிருந்து 3 மணிக்குள்ள, நிழல்ல, அகலத் தட்டுல ஒரு விரல் கனத்துக்கு மேல போகாம பரப்பி, ஃபேன் நேரா அடிக்காம பக்கத்துல ஓட விடுங்க. கால்மணிக்கு ஒருக்கா நிறுங்க. கச்சான் வீசுற மாசங்கள்ல சன்னலைச் சாத்திருங்க. காத்து காய்ஞ்சதா இருந்தாலும் மணலைக் கொண்டாந்து போடும், அது பவுல்ல போய் உட்காரும். வெயில்ல வைக்கிறது வேண்டாம், வாசனை பறந்துரும், நிறமும் வெளுக்கும். ஏ.சி. ரூம் இருந்தா நல்லது. ஏ.சி. ஓடி நின்ன ரூம்ல ஈரப்பதம் 50 பக்கம் வந்துரும். அரைமணி ஒருமணியில வேலை முடியும்.

ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சுக்கிட்டா இதெல்லாம் நடக்காது. அப்ப சிலிக்கா ஜெல். 8 கிராம் தண்ணி எடுக்கணும்னா 40 கிராம் ஜெல்லை துணியில முடிஞ்சு, 5 லிட்டர் டப்பாவுல இலைத் தட்டோட வச்சு மூடுங்க. இலையில ஜெல் படக்கூடாது. நீல நிறத்துல வர்றது வேண்டாம், அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்க. மறந்து ரெண்டு நாள் விட்டா இலை பொடியா உதிரும், அதையும் பார்த்துக்கங்க.

#4 ஏர்வாடி_அலை

ஓவன் இல்லை. நூற்றைம்பது ரூபாய் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று இருக்கிறது. அது காட்டுவதை நம்பலாமா?

#5 மண்டபம்_கச்சான்

சோதிச்சுப் பார்த்துட்டு நம்புங்க தம்பி. அஞ்சு புள்ளி மேல கீழ காட்டுறது சகஜம். ஒரு சோடா மூடியில உப்பைப் போட்டு, ஈரமணல் மாதிரி ஆகுற அளவுக்குச் சொட்டுச் சொட்டா தண்ணி விடுங்க. உப்பு கரைஞ்சு தண்ணியா நிக்கக்கூடாது. மூடியையும் மீட்டரையும் ஜிப் கவர்ல போட்டு, காத்தோட மூடி, 12 மணி நேரம் ஒரே இடத்துல வைங்க. உள்ள ஈரப்பதம் 75ல நிக்கும். மீட்டர் 80 காட்டினா எப்பவும் அஞ்சைக் கழிச்சுக்கணும்.

உப்பு எந்த உப்புங்கிறது முக்கியம். வாலிநோக்கம் பக்கத்து கல்லுப்பை அள்ளிப் போட்டுறாதீங்க. கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கிட்டு வரும். மழைக்காலத்துல கல்லுப்பு ஜாடியில தண்ணி விடுறது அதனாலதான். அது காத்து ஈரப்பதம் 33 இருந்தாலே ஈரத்தை இழுக்குற சரக்கு. அது கலந்திருந்தா 75ங்கிற கணக்கு தப்பிரும். சுத்திகரிச்ச தூள் உப்பே போதும்.

ஓவன் இல்லைன்னா இலை ஈரத்தை இப்படிக் கணிக்கலாம்: இலையைச் சின்ன பாட்டில்ல முக்கால்வாசி நிரப்பி, சோதிச்ச மீட்டரையும் உள்ள போட்டு மூடி, ஒருநாள் விட்டுப் படிங்க. 58லிருந்து 62க்குள்ள காட்டினா பிடிக்கிற பதம். 65ஐத் தாண்டினா நீண்டநாள் வைக்க வேண்டாம், 70 மேல போனா பூஞ்சைக்கு அழைப்பு.

#6 தொண்டி_துறை

ஈரம் முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "தண்ணீரை நிறுக்கிறீர்கள், அதனால் விகிதம் போச்சு" என்று சொல்வது கொஞ்சம் மிகை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 18% ஈரமுள்ள வர்ஜீனியா 35 கிராம், 11% ஈரமுள்ள லடாக்கியா 15 கிராம் என்று அப்படியே நிறுத்தால், காய்ந்த பொருளாக வர்ஜீனியா 28.7, லடாக்கியா 13.35. அதாவது 70:30 என்று நினைத்தது 68:32 ஆகிறது. இரண்டு புள்ளி. லடாக்கியாவில் இரண்டு புள்ளியை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? 25% ஈரத்தில் வரும் வாசனைக் கலவையையும் 9%க்குக் காய்ந்த பர்லியையும் பாதிக்குப் பாதி நிறுத்தால் மட்டும் 45:55 என்று ஐந்து புள்ளி நகரும். அங்கேதான் இந்தக் கவலை பொருந்தும்.

#7 கீழக்கரை_மாலுமி

தொண்டியார் கணக்கு சரி. லடாக்கியாவில் இரண்டு புள்ளி பெரிய விஷயம் இல்லை. ஆனாலும் கலப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவரச் சொல்வதற்கு வேறு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, சோதனை. இன்று கலந்ததை அடுத்த மாதம் அதே மாதிரி திரும்பக் கலக்க வேண்டும். ஈரம் குறிக்காத விகிதத்தை மழைக்காலத்தில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை கலந்தால் இரண்டும் ஒன்றாக எரியாது. எதனால் சுவை மாறியது என்று தெரியாமல் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

இரண்டு, இலைகள் ஒரே அளவுக்குத் தண்ணீர் பிடிப்பதில்லை. வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், அதனால் ஈரக் காற்றில் பர்லியைவிடக் கூடுதலாக இழுக்கும். ஈர வர்ஜீனியாவையும் காய்ந்த லடாக்கியாவையும் ஒரே பாட்டிலில் போட்டால் சில நாளில் ஈரம் பங்கு போட்டுக்கொள்ளும் என்பது உண்மை. அந்தச் சில நாளில் வர்ஜீனியா முடிச்சு முடிச்சாக ஒட்டிக் கிடக்கும், பூஞ்சை அந்த முடிச்சில்தான் ஆரம்பிக்கும். ஏர்வாடித் தம்பி பாட்டிலில் அடியோரம் பூத்ததும் அப்படித்தான் இருக்கும்.

#8 நெறியாளர்

இடையில் ஒரு குறிப்பு. இந்த உரையாடல் இழை 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். 18க்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. இங்கே கலவையை விற்பது, வாங்குவது, அனுப்பித் தருவது எதுவும் கூடாது. பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. வீட்டில் கலப்பதால் அது குறைவதில்லை. பிடிக்காதவர்கள் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம்.

#9 கீழக்கரை_மாலுமி

சரியான குறிப்பு. இனி விகிதம்.

ஒவ்வொரு இலையையும் தனியாகப் பிடித்துப் பார்க்காமல் கலக்கக் கூடாது. வர்ஜீனியா சூடான காற்றில் பதப்படுத்தியது. அதன் சர்க்கரை புகையை அமிலப் பக்கம் கொண்டுபோகும், வேகமாக இழுத்தால் நாக்கைச் சுடும். பர்லி நிழலில் உலர்ந்தது, சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை, புகை காரப் பக்கம் (அமிலத்துக்கு எதிர், நாக்கில் உறைக்கும் காரம் இல்லை). காரப் புகையில் நிகோடின் வாய்த் தோல் வழியாகவே எளிதில் ஏறும். பர்லியைக் கூட்டினால் தலை சுற்றுவது இதனால்தான். ஓரியண்டல் என்று சொல்கிற இஸ்மிர், சம்சுன், பாஸ்மா எல்லாம் சிறு இலை, வெயிலில் காய்ந்தது, புளிப்பும் மூலிகை வாசனையும் தரும். லடாக்கியா என்பது சிரியாவின் துறைமுகப் பெயர். இப்போது கைக்கு வருவது சைப்ரஸ் வகை, ஓரியண்டல் இலையையே புகை போட்டது. பெரிக் அமெரிக்காவில் லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதிச் சரக்கு. பீப்பாயில் அழுத்தி, தன் சாற்றிலேயே ஏறக்குறைய ஒரு வருடம் புளிக்க விடுவார்கள். இடையிடையே திறந்து கிளறி மறுபடி அழுத்துவார்கள்.

அளவு: பெரிக் 3 முதல் 5% போதும், 10ஐத் தாண்டினால் மிளகுக் காரம் மட்டும் நிற்கும். லடாக்கியா 5 முதல் 15 வரை தாளிதம் மாதிரி பின்னால் நிற்கும், 30 முதல் 40 வரை அதுவே முன்னால் வரும். 50 தாண்டினால் சுவை கூடாது, தட்டையாகும். இந்தக் கரையில் கிடைக்கிற சரக்கு எவ்வளவு என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கொண்டுவரலாம் என்றாலும் சுங்கத்துறையின் பேக்கேஜ் விதிப்படி வரியில்லாமல் ஒருவருக்கு 125 கிராம்தான். அதனால் சோதனைக் கலவை 20 கிராமுக்கு மேல் வேண்டாம். 20 கிராமில் 5% என்றால் ஒரு கிராம், கணக்கும் சுலபம். ஒரு பவுலுக்கு ஏறக்குறைய 2 கிராம் போகும், பத்து முறை பிடித்துப் பார்க்கலாம்.

தொடங்க இரண்டு கலவை, எல்லாம் 13% பதத்தில் நிறுத்தது. வர்ஜீனியாவும் பெரிக்கும்: சிவப்பு வர்ஜீனியா 16 கிராம், மஞ்சள் வர்ஜீனியா 3, பெரிக் 1. லடாக்கியா கலவை: வர்ஜீனியா 9, லடாக்கியா 6, ஓரியண்டல் 4, கருப்பு கேவண்டிஷ் (ஆவியில் வேகவைத்துக் கருத்த இலை) 1. ஏர்வாடித் தம்பி போட்டதில் லடாக்கியாவும் பர்லியும் பெரிக்கும் மூன்றுமே முன்னால் நிற்கப் பார்க்கின்றன. ஒரு கலவையில் ஒன்றுதான் முன்னால் நிற்கணும். பெரிக்கை எடுத்துவிட்டு, பர்லியைப் பத்துக்குக் குறைத்து, அந்த இடத்தை வர்ஜீனியாவுக்குக் கொடுங்கள்.

கலப்பது: தட்டையான ஃபிளேக்கை (அழுத்தி அரிந்த புகையிலைத் துண்டு) முழுதாக உதிர்த்த பிறகே சேருங்கள். உதிராத கட்டி அணையும், பக்கத்தில் இருக்கும் மெல்லிய ரிப்பன் எரிந்து முடிந்துவிடும். ரவைச் சல்லடையில் தூளைச் சலித்துத் தள்ளுங்கள், அந்தத் தூள்தான் பைப் துளையை அடைப்பது. பெரிக்கைச் சின்னதாக நறுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு பவுலில் காரமும் மறு பவுலில் ஒன்றும் இல்லாமலும் வரும். அகலத் தட்டில் விரல் நுனியால் தூக்கிப் போட்டுக் கலக்க வேண்டும், பிசையக் கூடாது.

#10 தொண்டி_துறை

சோதித்துப் பார்க்கும் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லடாக்கியா போட்ட மரப் பைப்பில் வர்ஜீனியாவைச் சோதித்தால் பழைய வாசனைதான் வரும். மக்காச்சோளக் கொண்டை பைப்பை ஒவ்வொரு கலவை வகைக்கும் ஒன்றாக ஒதுக்குங்கள், விலை குறைவு. இல்லையென்றால் சுட்ட மண் பைப். குறிப்பு எழுதும்போது பவுலின் மேல் மூன்றிலொன்று, நடு, அடி என்று பிரித்து எழுதுங்கள். மேலே இனிப்பாக இருந்து அடியில் கசந்தால் பெரும்பாலும் ஈரம் அடியில் சேர்ந்திருக்கிறது. மூன்று பகுதியிலும் ஒரே மாதிரி எரிச்சல் என்றால்தான் விகிதத்தைச் சந்தேகிக்கலாம்.

கலந்த அன்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் நாளில் லடாக்கியா எல்லாவற்றையும் மூடி நிற்கும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, பெரிக் உள்ளதென்றால் ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை.

#11 சாயல்குடி_பனை

கருப்பு கேவண்டிஷைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பர்லியோ வர்ஜீனியாவோ இருந்தா வீட்டுலயே பண்ணலாம். எங்க பக்கம் கருப்பட்டி இருக்கு, அதுதான் இனிப்பு.

100 கிராம் பர்லிக்கு (13% பதம்) கருப்பட்டி 5 கிராம், தண்ணி 25 மி.லி., எலுமிச்சைச் சாறு பத்துச் சொட்டு, வேணும்னா சர்க்கரை போடாத கோகோ 1 கிராம். கருப்பட்டியைத் தண்ணியில கரைச்சு எலுமிச்சை விட்டு, சிம்மில் பத்து நிமிஷம் வச்சு, ஆற விட்டுத் தெளிய வைங்க. பதநீர்க் கலயத்துல சுண்ணாம்பு தடவியிருக்கும், அதோட மிச்சம் கருப்பட்டியில கொஞ்சம் இருக்கும். அடியில வண்டலா நிக்கிறதை விட்டுட்டு மேல் தெளிவை மட்டும் வேட்டித்துணியில வடிகட்டி, வத்தின அளவுக்குத் தண்ணி சேர்த்து 25 மி.லி. ஆக்கிக்கங்க. பர்லி ஏற்கெனவே காரப் பக்கம், அதுல சுண்ணாம்பும் சேர்ந்தா புகை இன்னும் கரகரப்பாகும். எலுமிச்சைக்கு ரெண்டு வேலை: சுண்ணாம்பை அடக்கும், சர்க்கரையை உடைச்சு இலை மேல படிகமாக விடாம பண்ணும்.

வெதுவெதுப்பா இருக்கும்போதே தெளிச்சுப் பிசிறி, கவர்ல நாலு மணி நேரம் ஊறட்டும். ராத்திரி முழுக்க வெளியில வைக்காதீங்க. இப்ப இலையில ஈரம் 29% இருக்கும், நம்ம வெக்கைக்கு ரெண்டு நாள்ல பூத்துரும்.

அப்புறம் குக்கர். 5 லிட்டர் குக்கர்ல 1 லிட்டர் தண்ணி, உள்ள ஸ்டாண்டு. எவர்சில்வர் டப்பாவுல இலையைத் தளர்வா பாதி மட்டும் போட்டு, மேல அலுமினிய ஃபாயிலை இறுக்கி மூடுங்க. ஃபாயில் இல்லன்னா மூடியில இருந்து தண்ணி சொட்டி இலை வெந்த கீரையாட்டம் ஆயிரும். முதல் விசில் வந்ததும் சிம். மூணு மணி நேரம். முக்கால் மணிக்கு ஒருக்கா அடுப்பை அணைச்சு, ஆவி தானா இறங்கின பிறகு திறந்து தண்ணி பாருங்க. தண்ணி வத்தினா சேஃப்டி வால்வு போகும். பாதியில ஒருதரம் இலையைக் கிளறி விடுங்க. திறக்கும்போது அம்மோனியா மூக்கைத் துளைக்கும், சன்னல் பக்கம் போய்த் திறங்க.

வெளியே எடுத்து உலர்த்தணும். இனிப்பும் சேர்த்து காய்ந்த பொருள் 92 கிராம் ஆச்சு, 14%ல நிறுத்தணும்னா 107 கிராம் வரும்போது எடுத்துருங்க. வர்ஜீனியாவுல பண்ணினா இனிப்புக் கூடும். பர்லியில பண்ணினா மெதுவா, குளிர்ச்சியா எரியும்.

அந்த குக்கரைச் சோத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நிகோடின் ஆவியில வரும். கேஸ்கெட் ரப்பர் அதை உறிஞ்சி வச்சுக்கும், கழுவினாலும் போகாது. பழைய குக்கர் ஒண்ணை இதுக்குன்னே ஒதுக்கிருங்க.

#12 உச்சிப்புளி_தென்னை

கிளிசரின் சேர்த்தால் இலை காயாமல் இருக்கும் என்கிறார்களே? இன்னொன்று, லடாக்கியா இவ்வளவு விலை என்றால் நம்ம சீமைக் கருவேல விறகில் புகை போட்டுச் செய்ய முடியாதா? தேங்காய் மட்டையும் இருக்கிறது.

#13 தொண்டி_துறை

கிளிசரின் நம்ம கரைக்குத் தேவையே இல்லை. அது காய்ந்த ஊருக்கான மருந்து. இங்கே இலை காய்வது பிரச்சினை இல்லை, காயாததுதான் பிரச்சினை. கிளிசரின் சூட்டில் சிதைந்தால் அக்ரோலின் வரும், தொண்டையைக் கிழிக்கும். புரோப்பிலீன் கிளைகோல் சேர்ப்பவர்கள் 2%க்கு மேல் போகாமல், மருந்துத் தரமானதை மட்டும் வாங்க வேண்டும். தொழிற்சாலைச் சரக்கில் டைஎத்திலீன் கிளைகோல் கலந்திருக்க வாய்ப்புண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம்.

#14 கீழக்கரை_மாலுமி

உச்சிப்புளியாருக்கு: புகை போடலாம், ஆனால் அது லடாக்கியா ஆகாது. லடாக்கியாவின் வாசனை பாதி ஓரியண்டல் இலையிலிருந்தும் பாதி பிசின் உள்ள விறகு, புதர்களிலிருந்தும் வருகிறது: மாஸ்டிக், மிர்ட்டில், பைன், ஓக். நீங்கள் செய்தால் வருவது அமெரிக்காவின் கென்டக்கி வகைக்கு அருகில் இருக்கும்.

சீமைக் கருவேலம் அமெரிக்கர்கள் இறைச்சிக்குப் புகை போடும் மெஸ்கீட்டின் இனம்தான். அந்தப் புகை கடுமை. பட்டையை உரித்து, நன்றாகக் காய்ந்த வைரம் பாய்ந்த கட்டையை மட்டும் கனலாக்கிப் பயன்படுத்த வேண்டும். பச்சை விறகு கரும்புகை விட்டால் இலை மேல் தாராகப் படியும், கசப்பு போகவே போகாது. இலை தொங்கும் இடத்தில் சூடு 40 டிகிரி தாண்டக் கூடாது. அடுப்பையும் இலைப் பெட்டியையும் தனியாக வைத்து, ஆறடிக் குழாயில் புகையைக் கொண்டுபோனால் ஆறிவிடும். இலை 18% ஈரத்தில் இருந்தால்தான் புகை பிடிக்கும். காய்ந்த இலையில் மேலோடு நிற்கும். கலவையில் 5%க்கு மேல் போகாதீர்கள். தேங்காய் மட்டைப் புகை யாழ்ப்பாணத்தில் வாய்ப் புகையிலையைப் பாடம் போட உதவுவது. பைப்பில் அது காரமாகத்தான் நிற்கும்.

#15 ஏர்வாடி_அலை

வேடசந்தூர், வேதாரண்யம் பக்கத்துப் புகையிலையை அடியாகப் போடலாமா? விலை குறைவு.

#16 சாயல்குடி_பனை

வேண்டாம் தம்பி. அது வெத்தலையோட மெல்ற புகையிலை. நிகோடின் அதிகம், இலை தடிப்பு, வெல்லத் தண்ணியோ உப்புத் தண்ணியோ தெளிச்ச சரக்கும் வரும். உப்பு இருந்தா நெருப்பு நிக்காது, சாம்பல் கறுப்பா கட்டியாகும். அடியா போட இந்திய இலைதான் வேணும்னா ஆந்திரா, கர்நாடகா வர்ஜீனியாவும் வினுகொண்டா பக்கத்துப் பர்லியும் இருக்கு. குண்டூர்ல இருக்குற புகையிலை வாரியத்தோட ஏல மையங்கள்ல வர்ஜீனியா மூட்டை மூட்டையாத்தான் போகும், சில்லறையில கிடைக்கிறது அரிது. கிடைச்சா நடு நரம்பை உருவி எடுத்துட்டு 1.5 மி.மீ. அகலத்துல நறுக்குங்க. நரம்பு கலந்தா வெடிச்சு வெடிச்சு எரியும்.

#17 மண்டபம்_கச்சான்

அழுத்துறதைப் பத்தி யாரும் சொல்லல. கலவையைச் சும்மா பாட்டில்ல வைக்கிறதைவிட ஒரு வாரம் அழுத்தி வச்சா சுவை ஒண்ணோட ஒண்ணு சேரும். 8 செ.மீ. சதுர எவர்சில்வர் டப்பா, அதுக்குள்ள சரியா இறங்குற தேக்குக் கட்டை, மேல சி கிளாம்ப். 100 கிராம் கலவை 18% ஈரத்துல, 60 டிகிரியில ரெண்டு மணி நேரம் சூடாக்கி (டப்பாவை மூடி வெந்நீர்ல வைக்கலாம்), சூட்டோட அழுத்துங்க. முதல் நாள் மூணு மணிக்கு ஒருக்கா முறுக்குங்க, இலை இறங்கிக்கிட்டே இருக்கும். கட்டி 2 செ.மீ. கனத்துக்கு வந்தா போதும். ஏழாம் நாள் எடுத்து 1.5 மி.மீ. துண்டா அரிஞ்சு, அன்னைக்கே 13க்கு உலர்த்திருங்க. 14% இலையை அழுத்தினா கட்டி நிக்காம உதிரும். 20ல அழுத்தினா வெளியில நல்லா இருந்து நடுவுல பூத்திருக்கும். மழை மாசத்துல 16க்கு மேல வேண்டாம். கிளாம்ப்பை வேலை முடிஞ்சதும் எண்ணெய்த் துணியால துடைங்க, எண்ணெய்க் கை இலையில படாம.

#18 கீழக்கரை_மாலுமி

கடைசியாகப் பாட்டில். ஊறுகாய் பாட்டிலின் தகர மூடி இங்கே ஒத்துவராது. பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கிற காற்று இது. முதலில் மூடியின் மறையில் துரு ஏறும், பிறகு உள் ரப்பர் தூக்கிக்கொள்ளும், அதன் வழியே ஈரம் போகும். கிளிப் போட்ட கண்ணாடி ஜாடியில் சிலிக்கான் வளையம் உள்ளது வாங்குங்கள், கிளிப் எவர்சில்வராக இருக்கட்டும். மூடிய நாளில் ஜாடியோடு மொத்த எடையை எழுதுங்கள். ஒரு மாதத்தில் 0.2 கிராமுக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால் வளையம் கசிகிறது.

மூடியைத் திறந்தாலே ஈரம் ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். 30 டிகிரியில் 80% ஈரக் காற்று ஒரு லிட்டரில் 24 மில்லிகிராம் தண்ணீர்தான் இருக்கும். தட்டில் பரப்பி மறந்துவிடுவதுதான் கெடுக்கும்.

கருவாடு இருக்கும் அலமாரியில் ஜாடியை வைக்காதீர்கள். மூடி இருக்கும் வரை ஒன்றுமில்லை, ஆனால் அங்கே வைத்துத் திறந்து நிறுத்தால் இலை அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. லடாக்கியா ஜாடியையும் வர்ஜீனியா ஜாடியையும் ஒரே கையோடு திறக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணிலும் வேண்டாம், இருட்டான கீழ்த் தட்டே நல்லது.

#19 ஏர்வாடி_அலை

நன்றி காக்கா, நன்றி எல்லோருக்கும். இப்படிச் செய்யப் போகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். பழையதைக் கொட்டிவிட்டு, மீட்டரை உப்பில் சோதித்து, நான்கு இலையையும் தனித்தனி ஜாடியில் 60க்குக் கொண்டுவருவது. பிறகு 20 கிராமாக மூன்று ஜாடி. முதலாவது வர்ஜீனியா 11, லடாக்கியா 7, பர்லி 2. இரண்டாவதில் லடாக்கியாவை 5 ஆக்கி வர்ஜீனியாவை 13 ஆக்குவது. மூன்றாவது வர்ஜீனியா 19, பெரிக் 1.

#20 கீழக்கரை_மாலுமி

நல்லது. முதல் இரண்டு ஜாடிக்கும் இடையே லடாக்கியா குறைந்த அளவுக்கு வர்ஜீனியா மட்டும் கூடி, பர்லி 2லேயே நிற்பதால் வித்தியாசம் எதனால் என்று தெளிவாகத் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்த நாளில், ஒரே பைப்பில், ஒரே நேரத்தில் பிடியுங்கள், ஒரே நாளில் வேண்டாம். நான்கு இலையும் தனித்தனி ஜாடியில் 60 காட்டினாலும் கலந்த பிறகு இரண்டாம் நாள் மீட்டரை உள்ளே போட்டு மறுபடி பாருங்கள். 63க்கு மேல் காட்டினால் ஜாடியில் உள்ளதைத் தட்டில் கொட்டி ஏ.சி. அறையில் இருபது நிமிடம் வைத்து, கால் கிராம் குறைந்ததும் திரும்ப அடைத்துவிடுங்கள். தேதியும் விகிதமும் மொத்த எடையும் ஜாடி மேல் பென்சிலால் எழுதுங்கள், மை இந்த ஈரத்தில் ஊறிப் பரவும்.